கெனேப்பா காய்க்காத வருஷம்

ஆகஸ்ட் பிறந்தால் அன்செல்மோவுக்கு இருப்புக் கொள்ளாது. மற்ற மாதங்களில் மட்டும் கொள்கிறதா என்றால் அதுவும் இல்லை. முப்பத்தொரு வருஷம் தன் ஊரான ஹுவானா தியாஸிலிருந்து பக்கத்து நகரம் பொன்சேவுக்கும், பொன்சேவிலிருந்து ஹுவானா தியாஸுக்கும் ஆளேற்றி வேன் ஓட்டியவன். அதை விட்டு நாலு வருஷமாகியும் கால் இன்னும் கிளட்ச்சைத் தேடுகிறது. காப்பியை நின்றபடியே குடிப்பான். நாத்தோவின் கடையில் டோமினோ ஆட உட்கார்ந்தால் மூன்றாவது ஆட்டத்தில் எழுந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வருவான். வெளியே ஒன்றும் இருக்காது.

ஆகஸ்டில் மட்டும் கூடுதலாக ஒரு குடைச்சல். பக்கத்து வீட்டு சோராய்தாவின் கெனேப்பா மரம் அப்போதுதான் பழுக்கும். சின்ன எலுமிச்சை அளவில் பச்சைப் பழம். தோலைப் பல்லால் டப்பென்று உடைத்து நீக்கி வாயில் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் முதலில் ஒரு புளிப்பு, அப்புறம் தித்திப்பு, அப்புறம் அடுத்த பழத்துக்குக் கை தானாகப் போகும். பொன்சேக்காரர்கள் தங்கள் பழத்துக்கு மிஞ்சி உலகத்தில் பழமில்லை என்பார்கள். அவர்கள் சோராய்தாவின் பழத்தைத் தின்றதில்லை, அவ்வளவுதான்.

தெருவில் எல்லா வீட்டுக்கும் கொத்துக் கொத்தாகக் கொடுத்து முடித்தபிறகு, இருப்பதிலேயே பெரிய கொத்தை மதில்மேல் வைத்துவிட்டு அவள் குரல் கொடுப்பாள்.

"யோவ் அன்செல்மோ! வந்து எடுத்துக்க. எறும்பு ஏறப் போகுது."

அன்செல்மோ போவான். நன்றி என்று ஒரு வார்த்தை, கஷாயம் குடித்த முகத்தோடு. பிறகு, அந்தச் சாறு பட்ட கறை எந்தச் சோப்புக்கும் போகாது என்பதால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியின்மேல் குனிந்து நின்று மொத்தக் கொத்தையும் ஒரே மூச்சில் தின்று தீர்ப்பான். தின்று முடித்ததும் தன்மேலேயே கோபம் வரும். இருபது வருஷமாக வாங்கித் தின்கிற கை. திருப்பி ஒரு பழம் கொடுத்ததில்லை.

கொடுக்க அவனிடமும் மரம் இல்லாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். மனைவி நில்சா நியூ ஜெர்சிக்குப் போய், இனி வரமாட்டேன் என்று கடிதம் போட்ட வருஷத்தில்தான் அவன் இந்த வீட்டுக்குத் தனியாளாகக் குடிவந்தான். அப்போது சோராய்தாவின் கணவன் கார்மேலோ உயிரோடிருந்தான். முதல் ஆகஸ்டில் கார்மேலோ நீட்டிய கொத்தை அன்செல்மோ மதில்மேல் சாய்ந்தபடியே தின்று, கொட்டைகளைத் தன் பக்கம் துப்பினான். அதிலொன்று முளைத்தது. அதைப் பிடுங்காமல் விட்டான், தண்ணீர் ஊற்றினான், புயல் வந்தபோது கயிறு கட்டி நிறுத்தினான். பதினோரு வருஷம் கழித்து அது முதன்முதலாகப் பூத்தது. மரம் தெரியாத அளவுக்குப் பூ. வாசலெல்லாம் வாசனை, கொல்லையெல்லாம் தேனீ. பத்து நாள் கழித்துப் பூவெல்லாம் உதிர்ந்தது. ஒரு பிஞ்சுகூட இல்லை. அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும்.

டோமினோ மேசையில் இதைவிட நல்ல பேச்சு கிடைக்குமா?

"அது ஆண் மரம்டா, அன்செல்மோ," என்றான் ஒருநாள் நாத்தோ. "வெட்டிப் போட்டுட்டு ரெண்டு வாழை வை. எங்க மாமன் வீட்ல இருந்ததையும் வெட்டிட்டோம்."

"சில மரம் தாமசமா காய்க்கும்."

"தாமசமாவா? பூவ மட்டும் வச்சு மினுக்கிட்டு நிக்குது. மைனர் மரம்!"

"ஆளுக்கேத்த மரம்," என்றான் இன்னொருவன்.

எல்லாரும் சிரித்தார்கள். அன்செல்மோவும் சிரித்தான். பிள்ளை இல்லாதவன், பெண்டாட்டி விட்டுப்போனவன் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லாமலே கேட்டுவிட்டது.

காய்க்காத மரத்துக்கு அந்த ஊரில் ஒரு வைத்தியம் உண்டு. பெரிய வெள்ளியன்று யாரும் கத்தியைத் தொடமாட்டார்கள். மறுநாள் சனிக்கிழமை காலை, முதல் வேலையாக வெட்டுக்கத்தியோடு மரத்தின்முன் போய் நிற்கவேண்டும். காய்க்காவிட்டால் வெட்டிவிடுவேன் என்று மிரட்டி, கத்தியின் முதுகால் நாலு போடு போடவேண்டும். இன்னொருவர் ஓடிவந்து வேண்டாம், வேண்டாம் என்று மரத்துக்காகக் கெஞ்சவேண்டும். மிரட்டுபவர் மட்டும் போதாது. கெஞ்ச ஆளில்லாத மிரட்டலுக்கு மரம் மசியாது என்பார்கள்.

முதல் வருஷம் அன்செல்மோ தனியாகத்தான் கத்திக்கொண்டிருந்தான். மதிலுக்கு மேல் சோராய்தாவின் தலை தெரிந்தது. கார்மேலோ இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அவள் சிரித்து அன்செல்மோ முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

"ஐயோ, வேண்டாம்யா! சின்னப் பிள்ளை, பாவம்! இந்த ஒரு வருஷம் விட்டுடு!"

"விடமாட்டேன்! தண்ணி குடிக்கத் தெரியுது, காய்க்கத் தெரியலையா?"

"அடுத்த வருஷம் காய்க்கும். நான் பொறுப்பு."

"நீ சொல்றியேன்னு விடுறேன்."

"பெரிய மனசுதான். சரி, வா. காப்பி ஆறுது."

அதிலிருந்து எட்டு சனிக்கிழமை. ஒவ்வொரு வருஷமும் மரம் மிரளவில்லை. ஒவ்வொரு வருஷமும் காப்பியும், தேங்காய்ப் பாலில் வெந்த இனிப்புச் சோறும் உண்டு. மரத்தை மிரட்டப் போகிறவன் எதற்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போகிறான் என்று அன்செல்மோ தன்னையே ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. அவ்வளவு புத்திசாலி.

ஒன்பதாவது சனிக்கிழமை, இஸ்திரி சட்டையும் கத்தியுமாகப் போய் நின்றான். மொட்டு வெடிக்க இன்னும் ஒரு வாரம்.

"கேட்டுக்க, சோம்பேறி! இந்த வருஷம் காய்க்கல, வெட்டிடுவேன்!"

மதிலுக்கு மேல் ஒருவரும் இல்லை.

"அடியோட வெட்டிடுவேன்!"

சோராய்தாவின் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. காப்பி வாசனைகூட வந்தது. அவள் வரவில்லை. அன்செல்மோ நாலு போடு போட்டான், நின்றான், மறுபடி நாலு போடு போட்டான். கழுத்துப் பட்டைக்குள் வியர்த்தது. தெருவில் ரொட்டி வாங்கிக்கொண்டு போன நாத்தோ நின்று பார்த்தான்.

"என்னடா, கெஞ்ச ஆள் வரலையா? மரத்துக்கே சலிச்சுப் போயிருக்கும்!"

அதுதான் எல்லை. அன்செல்மோ கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் மரம் அறுக்கும் மெஷினை எடுத்து வந்தான். இருபது வருஷம் வளர்ந்தது இருபது நிமிஷத்தில் விழுந்தது. விழுந்தபோது கொல்லை முழுக்க மொட்டு சிதறியது.

மத்தியானம் சோராய்தா மதிலருகே வந்தாள். அடிமரத்தைப் பார்த்தாள்.

"வெட்டிட்டியா."

"வெட்டிட்டேன்."

"சரி."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். அந்த வருஷம் காப்பி இல்லை.

அடுத்த வாரம் அவளுடைய மரம் வழக்கம்போலப் பூத்தது. மே மாதம் பிஞ்சு தெரிந்தது. ஜூனில் மிளகளவு இருக்கும்போதே மஞ்சளடித்து உதிர ஆரம்பித்தது. தினமும் காலையில் அவள் கூட்டிப் பெருக்குகிற சத்தம் மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்கும். ஆகஸ்ட் வந்தபோது மரத்தில் இலையைத் தவிர ஒன்றுமில்லை. தெருவில் ஒவ்வொருவராக வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, துக்கம் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

"வயசாயிடுச்சு," என்றாள் சோராய்தா. "கார்மேலோ வச்ச மரம். அவனோடயே போயிருக்கணும். எனக்காக இத்தனை வருஷம் நின்னுச்சு."

அன்செல்மோவுக்கு அந்த மாதம் பைத்தியம் பிடிக்காத குறை. காலையில் மதிலருகே போவான், மதியம் போவான், வெறும் மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். வாங்கித் தின்னக் கூசின கைக்கு வாங்க ஒன்றுமில்லாதபோதுதான் அதன் அருமை தெரிந்தது. கடைசியில் பழைய பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைச் சந்திப்புக்குப் போனான். அங்கே கயிற்றில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டுப் பழம் விற்கிற சாகோ அவனுடைய வேனில் பல வருஷம் ஏறி இறங்கியவன்.

"என்னண்ணே இது அதிசயம்? சோராய்தாக்கா மரம் பக்கத்துல இருக்கப்ப எங்கிட்ட வர்றீங்க?"

"காய்க்கல."

"பூத்துச்சா?"

"பூத்துச்சு. பிஞ்செல்லாம் கொட்டிப்போச்சு."

சாகோ ஒரு கொத்தை அவிழ்த்துக்கொண்டே யோசித்தான்.

"பிஞ்சு கொட்டுச்சுன்னா ஆண் பூ படலண்ணே. பெண் மரம் தனியா நின்னா அப்படித்தான். உங்க தெருக் காலி மனையில அஞ்சாறு ஆண் மரம் நின்னுச்சுல்ல?"

"ஒம்பது வருஷம் முன்ன புயல்ல போச்சு."

"அப்ப இத்தனை வருஷம் எப்படிக் காய்ச்சுது? பக்கத்துல வேற எங்கயோ ஒரு ஆண் மரம் இருந்திருக்கணும். அந்த மாப்பிள்ளைய எவனோ வெட்டிட்டான். ஆண் மரம்னா வேஸ்ட்டுன்னு நினைக்கிற முட்டாப் பசங்க இருக்கானுங்களே... ஏண்ணே, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? வெயிலா? தண்ணி குடிங்க."

அன்செல்மோ வண்டியில் ஏறி, சாவியைத் திருகாமல் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். எட்டு வருஷம் மதில்மேல் வந்த ஒவ்வொரு கொத்திலும் அவன் மரத்துக்குப் பாதி பங்கு இருந்திருக்கிறது. தெருவில் எல்லா வீட்டுக்கும் அவன்தான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். கொடுக்க ஒன்றுமில்லையே என்று வெந்து வெந்து, கொடுத்த கையையே வெட்டிப் போட்டிருக்கிறான்.

சாகோவின் கொத்தைக் கொண்டுபோய் மதில்மேல் வைத்தான். சோராய்தா ஒன்றைத் தின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லி மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். அப்போதே, அந்த மதிலருகிலேயே, சோராய்தா, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். நாளை, அக்டோபர், நவம்பர் என்று போய்க்கொண்டே இருந்தது.

டிசம்பரில் சோராய்தா தானே ஒரு சேதி சொன்னாள். மகன் எட்வின் ஆர்லாண்டோவில் இருக்கிறான். ரொம்ப நாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் புறப்படுகிறாள். செப்டம்பரில் எட்வின் லீவு போட்டு வந்து வீட்டை விற்றுவிடுவான்.

"அதுவரைக்கும் சாவிய நீ வச்சுக்க. செடிக்குத் தண்ணி ஊத்து. அந்த மரத்துக்கு வேண்டாம். இனிமே அதுக்கு எதுக்கு?"

விமான நிலையத்துக்கு அன்செல்மோதான் கொண்டுபோய் விட்டான். அரைமணி நேரப் பயணம். மூன்று தடவை சொல்லப் பார்த்தான். ஒரு தடவை டயரைப் பற்றிப் பேசினான், ஒரு தடவை ரோட்டைப் பற்றிப் பேசினான். மூன்றாவது தடவை அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"அது மட்டும் காய்ச்சிருந்தா நான் போயிருக்க மாட்டேன், அன்செல்மோ. எட்வின் எத்தனை தடவை கூப்பிட்டான்! ஆகஸ்ட்ல பழம் இருக்கே, யார் பறிச்சுக் கொடுப்பான்னு சொல்லிச் சொல்லியே இருந்துட்டேன். இப்ப மரமே போன்னு சொல்லிடுச்சு."

இதைவிட ஒரு மனிதனுக்கு வேறு என்ன வழி விடவேண்டும்?

"பெல்ட்டைச் சரியாப் போட்டுக்க," என்றான் அன்செல்மோ.

கோழை. முப்பத்தொரு வருஷம் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வேனை ஓட்டியவனுக்கு, ஒரு பெண்ணிடம் உண்மை சொல்லத் தைரியமில்லை.

ஜனவரியிலிருந்து அவன் அந்த வீட்டுக்கும் தன் வீட்டுக்குமாக அலைந்தான். செடிக்கு ஊற்றினான், வேண்டாமென்று சொன்ன மரத்துக்கும் ஊற்றினான். தன் கொல்லையில் வெட்டின அடிமரம் துளிர்த்திருந்தது. ஆனால் அது பூக்க இன்னும் எத்தனை வருஷமோ. செப்டம்பருக்கு எட்டு மாதம்தான்.

ஏப்ரலில் ஆளில்லாத வீட்டில் சோராய்தாவின் மரம் மொட்டு விட்டது. அன்று காலை காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அன்செல்மோ பிக்கப்பைக் கிளப்பினான்.

ஊரில் அதுவரை யாரும் கேட்காத கேள்வியை அவன் வீடு வீடாகப் போய்க் கேட்டான்.

"உங்க கொல்லையில ஆண் கெனேப்பா இருக்கா?"

"ஆண் மரமா? பைத்தியமாய்யா உனக்கு? வெட்டிட்டோம்."

அடுத்த வீட்டிலும் வெட்டிட்டோம். அதற்கடுத்த வீட்டில், போன வருஷம்தான் வெட்டினோம், கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக்கூடாதா என்றார்கள். மலைப்பக்கம் போனான், கடற்கரைப்பக்கம் போனான். ஒரு வீட்டில் அந்த மரத்தில் செய்த முக்காலியை எடுத்துக் காட்டினார்கள். காய்க்காததை எதற்கு வைத்திருப்பது என்று ஊர் மொத்தமும் அவனைப்போலவே யோசித்திருக்கிறது. நாலு நாள் சுற்றினான். தூரத்தில் எந்த மரத்தில் தேனீ மொய்த்தாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடுவான். அது மாமரமாக இருக்கும். சோராய்தாவின் மரத்தில் மொட்டு வெடிக்க ஆரம்பித்துவிட்டது. பூ ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அவனுக்குத் தூக்கம் போயிற்று.

ஐந்தாம் நாள் சந்திப்பில் சாகோவைப் பிடித்தான். பழம் இல்லாத மாதம், சாகோ தக்காளி விற்றுக்கொண்டிருந்தான்.

"ஆண் மரமா? அப்ப அந்த மாப்பிள்ளைய வெட்டினது..." சாகோ அவன் முகத்தைப் பார்த்தான். மிச்சத்தை விழுங்கிக்கொண்டான். "பவுலினோ கிட்ட போங்கண்ணே. சண்டைச் சேவல் வளர்க்கிறவரு. கூண்டுக்கு நிழல் வேணும்னு ஒண்ணை விட்டு வச்சிருக்காரு."

பவுலினோவின் சேவல் கூண்டுகளுக்கு மேல் அது நின்றுகொண்டிருந்தது, தலைநிறையப் பூவோடு. தேனீ இரைச்சலில் சேவல் கூவுவதுகூட அமுங்கிப் போயிற்று. அன்செல்மோவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருஷம் தன் கொல்லையில் பார்த்துப் பார்த்துத் திட்டியதைத்தான் இப்போது கைகூப்பாத குறையாகப் பார்த்தான்.

"பூவா வேணும்?" என்றான் பவுலினோ. "யாருக்குய்யா கல்யாணம்?"

"மரத்துக்கு."

பவுலினோ சிரிக்கத் தொடங்கினான், அன்செல்மோவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"வெட்டிக்க. ஆனா மேற்குப் பக்கம் கை வைக்காத. என் பிள்ளைங்களுக்கு வெயில் படும்."

பூங்கிளைகளைப் பிக்கப்பில் அடுக்கி, ஈரச்சாக்கைப் போட்டு மூடி, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டி வந்தான். வேகமாகப் போனால் பூ உதிரும். தேனீக்கள் கிளையை விடாமல் கூடவே வந்தன. நாத்தோவின் கடைமுன் வரும்போது டோமினோக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"டேய், எங்கடா ஊர்வலம்? பொண்ணு யாரு?"

"சிரிங்கடா," என்றான் அன்செல்மோ. "ஆகஸ்ட்ல பழம் கேட்டு ஒருத்தனும் எங்கிட்ட வரக்கூடாது."

பெயின்ட் வாளிகளில் தண்ணீர் ஊற்றி, அதில் கிளைகளைச் செருகி, ஏணி போட்டு ஏறி, சோராய்தாவின் மரத்தில் ஒவ்வொரு கவட்டையிலும் வாளியைக் கட்டித் தொங்கவிட்டான். அறுபத்து மூன்று வயதில் செய்கிற வேலையல்ல. ஒரு தடவை கால் வழுக்கி முழங்கால் தோல் போயிற்று, இரண்டு தேனீ கழுத்தில் கொட்டியது. இரண்டு நாளுக்கொரு முறை பவுலினோவிடம் போய்ப் புதுக் கிளை கொண்டுவந்து மாற்றினான். பூ உதிர்ந்து முடிகிறவரை விடவில்லை.

மே மாதம் பிஞ்சு தெரிந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷமும் பிஞ்சு தெரிந்ததுதானே? ஜூனில் தினமும் விடிந்ததும் போய்த் தரையைப் பார்த்தான். அங்கொன்றும் இங்கொன்றும் கிடந்தது. மற்றதெல்லாம் மேலேயே இருந்தது. ஜூலையில் கொத்தின் கனம் தாங்காமல் கிளை வளைந்தது. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் கிளிகள் வந்தன. கிளி வந்தால் பழம் தயார்.

ஒரு பழம்கூட அவன் தின்னவில்லை. வாய் ஊறியது. இருந்தாலும் அவள் கொடுக்காததை எடுத்துத் தின்ன மனசு வரவில்லை. வீடு விற்க மூன்று வாரம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டு மரத்தடியில் நின்றுகொண்டு போன் செய்தான்.

"யாரு, அன்செல்மோவா! உயிரோட இருக்கியா? ஏழு மாசத்துல ஒரு போன் பண்ணத் தோணலையா உனக்கு?"

"எப்படி இருக்க?"

"இருக்கேன். ஏசி, டிவி, எட்வின், ஏசி. நேத்துக் கடையில கெனேப்பா பாத்தேன்யா. எங்கேர்ந்து வந்துச்சோ, எத்தனை நாள் குளிர்ல கிடந்துச்சோ. தோலு செருப்பாட்டம் இருக்கு. பல்லுல வச்சுக் கடிச்சா வளையுது, உடைய மாட்டேங்குது. சத்தமே இல்லாத கெனேப்பாவ எப்படித் திங்கிறது, சொல்லு?"

"சோராய்தா, உன் மரம் காய்ச்சிருக்கு."

"பொய் சொல்லாத."

"பொய் இல்ல. கிளையே தாங்கல."

பிறகு சொன்னான். எல்லாவற்றையும், மூச்சு விடாமல். தன் மரம்தான் அவள் மரத்துக்குத் துணை என்பதை, அதைத் தான்தான் வெட்டியதை, சாகோ சொன்னதை, தெரிந்தும் ஒரு வருஷமாக மறைத்ததை, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் டயரைப் பற்றிப் பேசியதை, பவுலினோவின் சேவலை, வாளியை. சொல்லி முடித்ததும் திட்டுக்குக் காத்திருந்தான்.

"அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன்," என்றாள் சோராய்தா.

"என்னைக்கு?"

"நீ வெட்டின அன்னைக்கு. ஜன்னலுக்குப் பின்னாலதான் நின்னேன். நீ கத்தினதெல்லாம் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் வரல?"

"எட்டு வருஷம், அன்செல்மோ. நீ மரத்துக்கிட்ட பேசின, நான் மரத்துக்காகப் பேசினேன். ஒரு வருஷம் நான் வரலேன்னா, என்னாச்சு இவளுக்குன்னு வந்து என் கதவைத் தட்டுவியா மாட்டியான்னு பாத்தேன். காப்பி கூடப் போட்டு வச்சிருந்தேன்." அவள் குரல் இறங்கியது. "நீ மெஷினை எடுத்துட்டு வந்த."

அன்செல்மோவுக்கு அந்தக் காப்பியின் வாசனை ஞாபகத்தில் இருந்தது. பத்தடி தூரம். மதிலைச் சுற்றி இருபதடி. மலையெல்லாம் சுற்றி ஆண் பூ தேடினவனுக்கு அந்த இருபதடி நடக்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, வலித்தது.

"நான் ஒரு மடையன்," என்றான்.

"அது எனக்கு முன்னாடியே தெரியும். ஒரு பழம் பறி."

"நீ இல்லாம எப்படி..."

"பறிய்யான்னா. போனை வாய்க்கிட்ட வச்சுக்கிட்டுக் கடி."

கைக்கெட்டிய கொத்தில் ஒன்றைப் பறித்தான். முன்பல்லுக்கு நடுவில் வைத்து அழுத்தினான். டப்பென்று தோல் வெடித்தது. சாறு முகவாயில் வழிந்து இஸ்திரி போட்ட சட்டையில் சொட்டியது. முதலில் புளிப்பு, பின்னாலேயே தித்திப்பு. இரண்டு வருஷம் பட்டினி கிடந்த நாக்கு.

"கேட்டுச்சு," என்றாள் சோராய்தா, கரகரத்த குரலில். "இன்னொண்ணு."

இன்னொன்றும் கடித்தான். டப்.

"செப்டம்பர்ல எட்வின் வந்தா வீட்டை வாங்க ஆள் வரும்," என்றாள். "அவன் வர்றதுக்குள்ள நான் அவன்கிட்ட ஒரு முடிவு சொல்லணும். என்ன சொல்லட்டும்?"

"பழம் நிறைய இருக்கு. கிளி திங்குது. யாராவது வந்து பறிச்சாத்தானே..."

"பழத்துக்காக வரச் சொல்றியா?"

அன்செல்மோ வாயிலிருந்த கொட்டையைக் கையில் எடுத்தான். அண்ணாந்து மரத்தைப் பார்த்தான். பிறகு மரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

"இல்ல," என்றான். "நீ வா, சோராய்தா. நீ இல்லாம இங்க என்னால இருக்க முடியல. வந்துடு."

போனில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் எட்வின் யார் அது என்று கேட்பதும் கேட்டது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு," என்றாள் சோராய்தா. "ஸ்பீக்கர்ல போடுறேன். என் பையனும் கேக்கட்டும்."

அன்செல்மோ கத்தினான். நாத்தோவின் கடையில் டோமினோவை அப்படியே வைத்துவிட்டு எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.